மாமரத்தில் விழுந்த விமானி

இலங்கை விமானப்படையின் குண்டுவீச்சு விமானமான கிபிரை ஓட்டி வந்தவர்களைப் பற்றி நான் சின்ன வயதில் ஒருநாளும் யோசித்ததில்லை. கிபிரைத்தான் தெரியும். இரணைமடுப் பக்கத்தால் வருகிறதா பரந்தன் பக்கத்தால் வருகிறதா என்று தெரியும், ஒன்று வந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று தெரியும், குத்தி இறங்கும்போது ஒரு சத்தம், குண்டைப் போட்டுவிட்டு மேலே எழும்பும்போது வேறொரு சத்தம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு மனிதன் இருக்கிறான், காலையில் அவனுக்கும் யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததே இல்லை.

அம்மம்மாதான் ஒருநாள் கேட்டார். 2007ஆம் ஆண்டு, கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வளவு. கிணற்றடிக்குப் பின்னால் எல் வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பங்கர். உள்ளே அம்மா, தங்கச்சி, சின்னம்மா, நான், அம்மம்மா. மண் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மம்மா தேவாரம் சொல்வதை இடையில் நிறுத்திவிட்டு, "மேல நிக்கிறவனுக்கு எங்களைத் தெரியுமோ மோனை?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் படிக்கிற பிள்ளை என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மா முதலில் "தெரிஞ்சாப் போடுவானே அம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சுதான் போடுறானோ தெரியாது" என்றார்.

அந்தக் கேள்வி என்னுடனேயே இருந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, வேலைக்குப் போய், இப்போது பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னம்மா போருக்குப் பிறகு முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனார். அந்த வேலையைப் பற்றி வாசிக்கத் தொடங்கித்தான் வியட்நாமுக்குள் போனேன், அங்கேதான் இந்த மனிதரைக் கண்டேன்.

பெயர் டக்ளஸ் பிரையன் பீற்றர்சன். எல்லோருக்கும் பீற் பீற்றர்சன். 1935இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரில் பிறந்தவர். விமானப்படையில் சேர்ந்து, வியட்நாம் போர் மூண்டபோது எஃப்-4 பான்டம் என்ற குண்டுவீச்சு ஜெட் ஓட்டினார். 1966 செப்டெம்பர் 10 இரவு ஹனோய்க்கும் ஹைபோங்குக்கும் இடைப்பட்ட பகுதியில், தரையிலிருந்து எழுந்த ஏவுகணை ஒன்று விமானத்தில் பட்டது. அது அவருடைய 67ஆவது பறப்பு. பரசூட்டில் குதித்தவர் ஆன் டோவாய் என்ற கிராமத்தில் ஒரு மாமரத்தில் வந்து விழுந்தார். கை, கால், தோள் எல்லாம் முறிந்திருந்தது. ஊர்ச்சனம் வந்து பிடித்தது.

அந்த மாமரத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். எங்கள் முற்றத்திலும் ஒரு மாமரம் நிற்கிறது. கறுத்தக் கொழும்பான். ஒரு இரவு அதில் ஒரு விமானி வந்து தொங்கினால் எங்கள் ஊர் என்ன செய்திருக்கும்? நானே பதிலையும் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் பொல்லுத்தடியோடுதான் ஓடியிருப்பார்கள். அம்மம்மா மட்டும் தண்ணீர்ச் செம்போடு ஓடியிருப்பார் என்று எழுத ஆசைதான், ஆனால் அது எனக்கு நிச்சயமில்லை. தன் தம்பியின் மகனைக் குண்டுவீச்சில் இழந்தவர் அவர்.

67 என்ற எண்ணைக் கடக்க எனக்கு நேரம் எடுத்தது. அவர் 67 தடவை பறந்தார் என்றால், அத்தனை தடவையும் கீழே யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். ஹனோய் வீதிகளின் ஓரத்தில் ஒரு ஆள் மட்டும் இறங்கி நிற்கக்கூடிய கொங்கிரீட் குழிகள் வரிசையாக இருந்தனவாம், மேலே மூடி. சைரன் கேட்டதும் வீதியில் போகிறவர் அப்படியே இறங்கி மூடியை இழுத்துவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஒடுங்கி இருந்தோம், அவர்கள் தனித்தனியாக நின்றார்கள். எதில் பயம் கூட என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஆறரை வருடம் சிறை. ஹோவா லோ சிறையும் அதைப் போன்ற முகாம்களும். அமெரிக்கக் கைதிகள் அதை ஹனோய் ஹில்டன் என்று கூப்பிட்டார்கள். கயிற்றால் கட்டி முறுக்குவது, அடி, தனிமைச் சிறை எல்லாம் அங்கே நடந்தது. கைதிகள் ஒருவரோடு ஒருவர் கதைக்கக்கூடாது என்பதால் சுவரில் தட்டிக் கதைத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் K-ஐ விட்டுவிட்டு மிச்சத்தை ஐந்து வரிசையில் ஐந்து ஐந்தாக அடுக்கி, முதல் தட்டு எந்த வரிசை, அடுத்த தட்டு எத்தனையாவது எழுத்து. அப்படியே இரவு வணக்கம் சொல்வார்கள், பக்கத்து அறைக்காரனின் பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள், யார் உயிரோடு இருக்கிறார் என்ற பட்டியலைத் தலைக்குள் வைத்திருப்பார்கள். நான் அவரை அடித்தவர்களை நியாயப்படுத்த மாட்டேன். எந்தப் பக்கத்துக் கைதியையும் கட்டி வைத்து அடிப்பது அடிப்பதுதான், அதை எங்கள் மண்ணில் இருந்துகொண்டு வேறு மாதிரிச் சொல்ல முடியாது.

1973இல் பரீஸ் சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு 591 அமெரிக்கக் கைதிகள் வீடு திரும்பினார்கள். மார்ச் 4 அவர் வெளியே வந்த நாள். வெறுப்பைச் சிறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அது ஒரே நாளில் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் பின்னால் செய்ததைப் பார்க்கும்போது அந்தச் சொல்லுக்கு அவர் உழைத்திருக்கிறார் என்பது விளங்குகிறது.

அரசியல் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கேணலாக ஓய்வு பெற்று, புளோரிடாவில் தொழில் செய்து, 1990இல் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று, பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரானார். மூன்று தவணைக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொன்னவர், சொன்னபடி விலகினார். இங்கே ஒருமுறை கதிரையில் இருந்தவர் எழும்ப எத்தனை வருடம் எடுக்கிறது என்று தெரிந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். இடையில் சொந்த வாழ்க்கையில் பெரிய இழப்புகள். ஒரு மகன் வீதி விபத்தில் போனார், சிறையில் இருந்த காலமெல்லாம் காத்திருந்த மனைவி 1995இல் புற்றுநோயால் போனார்.

அதே 1995 ஜூலையில் ஜனாதிபதி கிளின்டன் வியட்நாமுடன் உறவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். முதல் தூதுவராக அவர் தெரிவு செய்தது பீற்றர்சனை. பதவிக்காலம் முடியாத காங்கிரஸ் உறுப்பினரை அந்தப் பதவிக்கு நியமிப்பதில் அரசியலமைப்புச் சிக்கல் வந்து இழுபட்டு, கடைசியில் 1997 மே மாதம் ஹனோய் போய்ச் சேர்ந்தார். குண்டு போட வந்த நகரத்துக்கே தூதுவராக.

ஏன் அவர்? இதில் நல்ல மனம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. வியட்நாமோடு கை குலுக்கினால் துரோகி என்று சொல்லக் காத்திருந்தவர்கள் அமெரிக்காவில் நிறைய. அந்தச் சிறையில் ஆறரை வருடம் இருந்து அடிபட்ட ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஹனோய் ஏரி ஒன்றில் விழுந்து பிடிபட்ட இன்னொரு விமானி ஜோன் மக்கெய்னும் அப்படித்தான் உறவு மீட்புக்கு முன்னால் நின்றார். வியட்நாம் பக்கத்திலும் கணக்கு இருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்துவிட்டது, பொருளாதாரம் படுத்திருந்தது, பக்கத்தில் சீனா. அதனால் இதை இரண்டு நல்ல உள்ளங்கள் சந்தித்த கதையாக மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனாலும் அந்தக் கணக்குக்குள் அவர் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார், அது எந்த அரசும் கட்டளை போட்டுச் செய்விக்கக்கூடிய காரியமில்லை.

1997 செப்டெம்பர் 10. சுட்டு விழுத்தப்பட்ட அதே நாள், 31 வருடம் கழித்து. விழுந்தபோது அவருக்கு வயது 31, அதாவது அன்றோடு அந்த இரவு அவருடைய வாழ்க்கையைக் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துவிட்டது. ஆன் டோவாய் கிராமத்துக்கே போனார். அன்றைக்கு அவரைப் பிடித்தவர்களில் இரண்டு பேர் முதியவர்களாகக் காத்திருந்தார்கள். ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அவர் விழுந்த இடத்துக்கு ஊர்ச்சனம் கூட்டிக்கொண்டு போனது.

இவ்வளவுதான் நடந்தது. நான் இதைப் பல தடவை வாசித்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடித்தான் முதலில் வாசித்தேன். அமெரிக்க அரசு அந்தப் போருக்காக வியட்நாமிடம் உத்தியோகபூர்வமாக மன்னிப்புக் கேட்டதில்லை, 2000ஆம் ஆண்டு கிளின்டன் ஹனோய் வந்தபோதும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் அதிகாரம் ஒரு தூதுவரிடம் இல்லை. அதனால் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் மேலே இருந்து வெறும் இலக்காகத் தெரிந்த ஊருக்குள் ஒரு மனிதன் கால்நடையாக வந்து, அந்த வீட்டுக் கதிரையில் இருந்து, அந்த வீட்டுக் கோப்பையில் குடித்திருக்கிறான். அம்மம்மாவின் கேள்விக்குக் கிட்டத்தட்ட பதில் மாதிரி ஒன்று அங்கே நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. மேலே நின்றவனுக்கு அப்போது தெரியவில்லை, பிறகு வந்து பார்த்திருக்கிறான்.

சரி, அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று உடனே கேட்கலாம். நானும் கேட்டேன். ஆன் டோவாய்க்காரர்கள் வென்றவர்கள். போரில் செத்த பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் ஊர் ஊராகத் தியாகிகள் மயானம் இருக்கிறது, பெயர் பொறித்த கல் இருக்கிறது, அரசாங்கமே வெள்ளை அடிக்கிறது. தன் பிள்ளையின் கல்லுக்குப் பூ வைத்துவிட்டு வந்து விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றுவது ஒரு நிலைமை. என் மாமா விதைக்கப்பட்ட, புலிகளின் போராளிகளுக்கான மயானமான விசுவமடுத் துயிலுமில்லத்தில் அவருடைய கல் இன்று இல்லை. மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று சனம் உடைந்த கல்லுகளைச் சேர்த்து வைத்துத்தான் விளக்கேற்றுகிறது. அப்படியிருக்கிற ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கே இருத்துவது?

அதேநேரம் வியட்நாமிலேயே தோற்ற பக்கமும் உண்டு. தென் வியட்நாம் படையினரின் பெரிய மயானம் பியென் ஹோவாவில் இருக்கிறது. அது பல காலம் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் மூடிக் கிடந்தது, சொந்தக்காரர் சுதந்திரமாகப் போய் வர முடியவில்லை. அந்தத் தாய்மார் எங்கள் தாய்மார் மாதிரித்தான். பீற்றர்சனின் கதையைச் சொல்கிறவர்கள் அவர்களைச் சொல்வதில்லை, நான் சொல்லாமல் விட்டால் எனக்குச் சரிவராது.

தூதுவராக அவர் முதல் வேலை என்று எடுத்தது காணாமல் போன அமெரிக்கப் படையினரைத் தேடுவது. வயலைக் கிண்டி, மண்ணைச் சல்லடையில் அரித்து, ஒரு பல், ஒரு பொத்தான் கிடைத்தாலும் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். கிளின்டன் வந்தபோது ஹனோய்க்குக் கிட்ட ஒரு வயலில் அப்படிக் கிண்டுகிற இடத்துக்குப் போனார், காணாமல் போன ஒரு விமானியின் இரண்டு மகன்மாரும் கூடப் போனார்கள், வியட்நாம் கிராமத்துச் சனம் முழங்கால் சேற்றில் நின்று வாளி வாளியாக மண் கடத்திக்கொண்டிருந்தது. வியட்நாமில் காணாமல் போனவர்கள் லட்சக்கணக்கில். அவர்களைத் தேட உதவும் என்று அந்தப் பயணத்தில் கிளின்டன் 350,000 பக்க ஆவணங்களைக் கொடுத்தார். எத்தனையோ வருடம் பிந்தித்தான், ஆனால் கொடுத்தார்கள்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரின் போராட்டம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவர்களில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். 2023இல் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அங்கே தேடிக் கிண்டினார்கள், இங்கே குழாய்க்குக் கிண்டினபோது வந்தது.

இன்னொன்றும் அதே காலத்தில் நடந்தது, இதைச் சின்னம்மாவுக்குச் சொல்ல நான் ஓடிப்போனேன். அமெரிக்க விமானப்படை எங்கெங்கே குண்டு போட்டது என்ற பறப்புப் பதிவுகளை வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றுக்கும் கொடுத்தார்கள். வெடிக்காத குண்டுகளை எடுப்பதற்கு. விமானி ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் எழுதிவைத்த குறிப்புகள், அந்த 67 மாதிரியானவை, முப்பது வருடம் கழித்து வயல் உழுகிறவனின் காலைக் காப்பாற்ற உதவின.

சின்னம்மாவுக்கு இது உடனே விளங்கியது. முகமாலை வெயிலில் முகமூடியும் கனத்த அங்கியும் போட்டுக்கொண்டு, இரும்பு வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரிய கைகள் அவருடையவை. ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்தால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடியும், சில நாள் அதுவும் முடியாது. இரண்டு பக்கமும் தாட்டது, ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தாட்டது, மழைக்கு நகர்ந்தது. "தாட்டவங்கள் ஒருக்கா வந்து, அக்கா இஞ்சதான் வச்சனாங்கள் எண்டு கையைக் காட்டினாலே காணும். நாங்கள் எத்தினை வருசம் மிச்சம் பிடிச்சிருப்பம்" என்றார். அவர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும்தான் சொன்னார்.

தூதுவர் வேலையின் மற்றப் பகுதி வர்த்தகம். 2000 ஜூலையில் இரண்டு நாடும் வர்த்தக ஒப்பந்தம் செய்தன, அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஹனோயில் மோட்டார் சைக்கிள் ஓடித் திரிந்தார். வியட்நாமில் பிறந்து ஒஸ்திரேலியாவில் வளர்ந்த ஒரு பெண்ணை, அவர் ஒஸ்திரேலியாவின் வர்த்தகப் பிரதிநிதியாக ஹனோயில் இருந்தபோது சந்தித்து, 1998இல் அங்கேயே கல்யாணம் செய்தார். 2001இல் பதவி முடிந்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு அதிகம் பிடித்தது. வியட்நாமில் சிறுபிள்ளைகள் எதனால் சாகிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, குழந்தைப் பருவம் தாண்டியதும் நோயை விடத் தண்ணீரில் மூழ்குவதே பெரிய காரணமாக வந்தது. தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய பிள்ளையைக் குளமும் வாய்க்காலும் எடுத்துக்கொண்டிருந்தன. அவர் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, யுனிசெவ்வோடும் சேர்ந்து, வியட்நாம், பங்களாதேஷ் என்று அந்த வேலையில் இறங்கினார். பங்களாதேஷில் ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் தட்டி மாதிரி மேடை கட்டி, அதில் பிள்ளைகளை நிற்க வைத்து நீந்தப் பழக்கினார்கள். நீச்சல் குளம் தேவையில்லை, மூங்கிலும் ஒரு அக்காவும் போதும்.

வன்னியில் இருக்கிற எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரணைமடு, கனகாம்பிகைக்குளம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று குளத்தாலேயே ஆன நாடு இது. அதோடு கிரவல் அள்ளிவிட்டு மூடாமல் விட்ட குழிகள், மாரியில் நிரம்பிக் கிடக்கிற பழைய குண்டுக் குழிகள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை அப்படிப் போனது. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அந்தத் தாய் போர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்து மூத்தவர்களைக் காப்பாற்றியவர், இதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. செல்லுக்கும் கிபிருக்கும் ஒளிக்கப் பழக்கினோம், நீந்தப் பழக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பீற்றர்சனின் வேலையை வாசித்த கிழமையே என் மகளை வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன், தண்ணீர் இடுப்பளவு ஓடுகிற இடம் பார்த்து. இப்போது அயலில் நாலு பிள்ளைகள் கூட வருகிறார்கள். முதல் பாடம் மிதப்பது. மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்க்கச் சொல்வேன். வானத்தைப் பார்த்து ஒன்றுக்கும் பயப்படாமல் சிரிக்கிற பிள்ளைகளைக் காண எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும்.

போன ஞாயிறு சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தார். மாமரத்துக் கதையை முழுதாகச் சொன்னேன். 67 பறப்பு, மாமரம், சிறை, தூதுவர், தேத்தண்ணி எல்லாம். முருங்கைக்காய் சீவிக்கொண்டே கேட்டார்.

"அவைக்கு இவர்தான் போட்டவர் எண்டு தெரியுமோ?"

"ஓம் சின்னம்மா, அவைதானே பிடிச்சவை."

"தெரிஞ்சும் தேத்தண்ணி குடுத்தவை?"

"ஓம்."

கத்தியை வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பங்கர் இருந்த இடம் இப்போது பள்ளமாகக் கிடக்கிறது. அம்மம்மா சாகிறதுக்கு முதல் வருடம் அதில் வைத்த வாழைகள் குட்டி போட்டுப் பரந்து நிற்கின்றன, நல்ல ஈரம் என்பதால் குலையும் பெரிசாக வருகிறது.

"இஞ்ச ஒருத்தன் வந்தா நானும் குடுப்பன்" என்றார். "ஆனா முதல் அதைக் காட்டுவன். இறங்கிப் பாக்கச் சொல்லுவன். அம்மா எந்த மூலையிலை இருந்தவ, நீ எந்த மூலையிலை இருந்தனி எண்டு எல்லாம் காட்டிப்போட்டுத்தான் கேத்திலை வைப்பன்."

பிறகு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டார்.